அறிமுகமில்லாரோடு சொற்போர்: பயனுண்டா?

சென்ற பருவத்தில் எம் வகுப்பு மாணவர் ஒருவர் அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு வரவில்லை. மறுநாள் துறை அறைக்கு அழைத்துக் காரணம் கேட்டேன். உடல்நலமில்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த உண்மையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அவர் ஊர் சேரப்பணஞ்சேரி. ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் நிற்கும் இடத்தில் ஒரு தேநீர்க்கடை உண்டாம். மாணவருக்குப் பழைய திரைப்படப் பாட்டுப் புத்தகங்களைச் சேர்ப்பதில் பெருவிருப்பம். ஒருநாள் கடையின் வானொலியில் ஒரு பழம்பாடல் ஒலித்தது. அது கண்ணதாசன் பாட்டு என்று இவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள, பக்கத்தில் நின்ற தொழிலாளி ஒருவர், "இல்லை தம்பி, மருதகாசி பாட்டு" என்றார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பேச்சைக் கொண்டு தென்மாவட்டத்தார் என்று மட்டும் தெரிந்தது. ஒப்பந்த வேலைக்கு வந்தவர். அன்று தொடங்கிய வாதம் ஒரு மாதம் நீண்டது. சான்று காட்டி எதிரியின் வாயை அடைத்துவிட வேண்டும் என்ற வேகத்தில் பழைய புத்தகக் கடைகளைத் தேடிச் சென்னைக்குப் போன நாளே தேர்வு நாள்.

"ஐயா, இது வேண்டாத வேலையா?" என்று அவர் கேட்டார். "ஆம்" என்று ஒரு சொல்லில் விடையிறுத்திருக்கலாம். ஆயினும் தமிழ் கற்பிக்கும் ஒருவன் அவ்வாறு எளிதில் விடை சொல்லிவிட முடியாது. முன்பின் அறியாதாரோடு சொல்லாடுவதையே ஒரு கலையாக வளர்த்த மரபு நம்முடையது. அம்மரபின் மேடும் பள்ளமும் கண்டபிறகே அவருக்கு விடை கூறுதல் முறை என எண்ணினேன்.

மணிமேகலை காட்டும் வழி

தமிழில் வாதத்துக்கென்றே ஓர் இடம் குறிக்கப்பட்டிருப்பதை மணிமேகலையில் காண்கிறோம். இந்திரவிழாவை முரசறைந்து அறிவிக்கும் பகுதியில், ஊரைத் தூய்மை செய்க, தோரணம் கட்டுக என்னும் ஆணைகளோடு, வாதத்தில் வல்லோர் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுக என்ற ஆணையும் வருகிறது. அதை அடுத்து வருவது இன்னும் கருதத்தக்கது. பகைவரோடு நேர்ந்தாலும் சினமும் கலகமும் கொள்ளாது விலகிச் செல்லுக என்கிறான் முரசறைவோன். மண்டபத்தில் ஏறவும் சொல்கிறான்; பூசலை விட்டு அகலவும் சொல்கிறான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் அழகு.

அந்நூலின் தலைவி வஞ்சி நகரில் சமயக் கணக்கர் பலரைக் காண்கிறாள். அப்போது அவள் தன் உருவில் இல்லை. மாதவன் வடிவு கொண்டிருக்கிறாள். ஆகவே அவள் யாரென்று அவர்கள் அறியார். அவர்கள் யாரென்று அவளும் முன்பு அறியாள். அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மர் தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். அவள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே செல்கிறாள். இறுதியில் நிற்கும் பூதவாதியிடம்தான் வினாத் தொடுத்து மடக்குகிறாள். கண்ணால் காண்பது ஒன்றே அளவை, அனுமானம் ஏலாது என்று சாதித்தவன் அவன். அப்படியானால் உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய் என்ற ஒரு கேள்வியோடு அவள் நிறுத்திக்கொள்கிறாள். பத்துப் பேர் சொல்வதைக் கேட்டு ஒருவரிடம் வாதிட்ட இந்த விகிதத்தை நம் மாணவர்கள் நினைவில் கொள்வது நன்று. நம்மில் பலர் ஒருவர் சொல்வதைக் கேட்குமுன் பத்துப் பேரிடம் வாதிட்டுவிடுகிறோம்!

பின்னர் அவள் காஞ்சி சென்று அறவண அடிகளிடம் தருக்க முறையைக் கற்கிறாள். பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்பனவும், அவற்றின் போலிகளும் அங்கே விரிவாகச் சொல்லப்படுகின்றன. சேரப்பணஞ்சேரியிலிருந்து காஞ்சிபுரம் தொலைவன்று. தருக்கம் கற்பதற்குரிய ஊராகக் காவியம் காட்டும் நகரின் அருகே வாழும் மாணவர் தேநீர்க்கடையில் வாதிட்டதில் வியப்பென்ன!

வாதமும் விதண்டையும்

தருக்க நூலார் சொற்போரை மூன்றாகப் பகுப்பர். உண்மையைத் தெளிதற்பொருட்டு நிகழ்வது வாதம். வெற்றி ஒன்றையே குறிக்கொண்டு நிகழ்வது செற்பம். தனக்கென ஒரு கொள்கையும் நாட்டாது பிறன் சொன்னதைச் சிதைப்பதே தொழிலாகக் கொண்டது விதண்டை. மூன்றாவதன் பெயர் மட்டும் "விதண்டாவாதம்" என்று நம் வீட்டுப் பேச்சில் நிலைத்துவிட்டது. எது மிகுதியாக வழங்குகிறதோ அதற்குத்தானே பெயர் நிலைக்கும்.

நன்னூலார் நூலுக்குரிய மதங்கள் ஏழு என்று வகுத்தார். பிறர் கொள்கையை மறுத்தலும் பிறர் நூற்குற்றம் காட்டலும் அவற்றுள் உண்டு. ஆனால் வரிசையில் முதலில் நிற்பது உடன்படல். எதிராளியோடு எங்கெங்கே உடன்படுகிறோம் என்று முதலில் கண்டுகொண்டால் மறுக்கவேண்டிய இடம் சுருங்கிவிடும். தேநீர்க்கடை வாதத்தில் அப்பாட்டு நல்ல பாட்டு என்பதில் இருவரும் உடன்பட்டிருந்தனர். இதை நான் சுட்டிக்காட்டும் வரையில் மாணவர் எண்ணிப் பார்த்ததே இல்லை என்றார்.

நாவற்கிளை

வாதத்துக்கு அழைப்போர் நாவற்கிளையை நட்டுவைப்பது பண்டை வழக்கம். குண்டலகேசியின் கதையில் இதனைக் காணலாம். அவள் ஊர்தோறும் சென்று, வாயிலில் மணலைக் குவித்து, அதில் நாவற்கிளையை ஊன்றிவைப்பாள். வாதிட விழைவோர் அக்கிளையை மிதித்து எறிய வேண்டும். வருவோர் எவராயினும் வரலாம், எல்லாரும் அயலாரே. பலரை வென்ற அவளைச் சாரிபுத்தர் ஒரே கேள்வியில் வாய்மூடச் செய்தார் என்பது பௌத்தக் கதை. "ஒன்று என்பது யாது?" என்று அவர் கேட்க, விடை அறியாமல் அவருடைய நெறியையே அவள் மேற்கொண்டாள்.

இக்கதையைவிட அவள் பெயரால் அமைந்த காப்பியத்தின் வரலாறு நமக்கு மிகுந்த பயன் தரும். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசி இன்று முழுமையாக இல்லை. 19 பாடல்களே கிடைத்துள்ளன என்பர். அதனை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூல் நீலகேசி. மறுக்கப் புகுந்த நீலகேசியும் அதற்கு வாமன முனிவர் எழுதிய சமயதிவாகரம் என்னும் உரையும் இல்லையேல், குண்டலகேசியின் வாதங்கள் எவை என்பதையே நாம் அறிந்திருக்க மாட்டோம். பாடல்களின் முதற்குறிப்புகள் பல அவ்வுரையில்தான் தங்கியுள்ளன. அன்பர்கள் காவாது விட்டதை எதிரி காத்துத் தந்தான்! மறுப்பவன் எதிராளியின் கூற்றைச் சிதைக்காமல் எடுத்துக்கூறி மறுத்தால், அவ்வாதம் இருவர் காலத்துக்குப் பின்னும் மூன்றாமவர்க்குப் பயன்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பதினெட்டு நாள்

ஒரகடத்துக்கு அணித்தே உள்ள திருப்பெரும்பூதூர் இராமானுசர் பிறந்த ஊர். யக்ஞமூர்த்தி என்னும் அயலூர்ப் பண்டிதர் திருவரங்கம் வந்து அவரோடு 18 நாள் வாதிட்டதாக வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும். தாம் தோற்றால் இராமானுசரின் பாதுகையைச் சுமப்பதாக வந்தவர் சொன்னார். தாம் தோற்றால் இனி நூல்களையே தொடுவதில்லை என்றார் இராமானுசர். பதினேழாம் நாள் முடிவில் இராமானுசரின் பக்கமே தளர்ந்திருந்தது. மறுநாள் அவர் மலர்ந்த முகத்தோடு அமைதியாக வந்த வருகையைக் கண்ட அளவிலேயே யக்ஞமூர்த்தி வாதத்தைத் தொடராமல் பணிந்துவிட்டார் என்கிறது அம்மரபு.

சமயத்தார் இதனைத் திருவருளாகக் கொள்வர். நாம் நோக்கவேண்டியது வேறொன்று. பதினேழு நாள் அடுக்கிய ஏதுக்களும் எடுத்துக்காட்டுகளும் ஒருவரை மாற்றவில்லை என்று வெற்றிபெற்ற தரப்பின் நூல்களே ஒப்புக்கொள்கின்றன. ஆயினும் பயன் விளையாமல் போகவில்லை. தோற்றவர் அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்ற பெயருடன் ஞானசாரம், பிரமேயசாரம் என்னும் இரு தமிழ் நூல்களை இயற்றினார். வாதிடத் தெரிந்த ஒருவர் நூல் எழுதத் தெரிந்தவராகவும் மாறினார்.

அருட்பாவும் மருட்பாவும்

இதுகாறும் கண்டவை காவியமும் மரபுக்கதையும். அச்சு எந்திரம் வந்தபின் நிகழ்ந்த ஒரு சொற்போரைச் சற்று விரிவாகவே காணவேண்டும். ஏனெனில் இதில் விலை கொடுத்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

இராமலிங்க அடிகளின் பாடல்கள் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் 1867இல் திருவருட்பா என்னும் பெயரோடும் திருமுறை என்னும் பகுப்போடும் அச்சில் வந்தன. தேவார திருவாசகங்களுக்கு உரிய அருட்பா, திருமுறை என்னும் பெயர்களை வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் பாடல்களுக்கு இடலாமா என்பது யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலரின் வினா. 1869இல் "போலியருட்பா மறுப்பு" வெளிவந்தது. இருவரும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தவர்கள். நாவலர் 1822, அடிகள் 1823. இருவரும் சிவநெறிச் செல்வர்கள். தமிழ் உரைநடைக்கும் பதிப்புக்கும் நாவலர் செய்த தொண்டை அடிகளின் அன்பரும் மறுக்க முடியாது. அடிகளோ தம் பெயரோடு "சாமி" என்று சேர்ப்பது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அதனைத் தவிர்க்க வேண்டும் என்று அன்பருக்குக் கடிதம் எழுதியவர். இவ்விருவரும் ஒரு திண்ணையில் அமர்ந்து பேசியிருந்தால் அரைநாளில் முடிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இது என் எண்ணமேயன்றி ஆய்வன்று.

நாவலரின் வினா தொடக்கத்தில் நேரிய வினா. நூல்களை விரித்து வைத்து, "திருமுறை" என்னும் சொல்லின் வழக்கு எத்தகையது, அது எவ்வளவு விரியலாம் என்று ஆராயத்தக்க வினா. ஆனால் ஆராய்ச்சி நிகழவில்லை. ஈராண்டுக்குள்ளாகவே இழித்துரைத்தல் பற்றி மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கு. அவ்வழக்கைப்பற்றி இருதரப்பு அன்பர்களும் தத்தமக்கு ஏற்ற கதைகளைப் பிற்காலத்தில் வளர்த்துக்கொண்டார்கள். 1874இல் அடிகள் மறைந்தார். 1879இல் நாவலர் மறைந்தார். சண்டை மறையவில்லை. தலைவர் இருவரும் போனபின் ஒருவரையொருவர் அறியாத தொண்டர்கள் கண்டன நூல்களைத் தொடுத்தவண்ணம் இருந்தனர்.

1904இல் நா. கதிரைவேற்பிள்ளை வெளியிட்ட மறுப்பின் தலைப்பில் "ஆபாசம்" என்னும் சொல் வருகிறது. தருக்கத்தில் அச்சொல்லுக்குப் போலி என்பதே பொருள். மணிமேகலை காஞ்சியில் கற்றாளே, அந்தப் போலிதான். ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நம் முகம் சுளிக்கிறது. தருக்கச் சொல் வசைச்சொல்லாய்த் திரிந்ததும், இந்த வாதம் பொருளை விட்டு ஆளைப் பற்றியதும் ஒன்றுபோலவே எனக்குத் தோன்றுகின்றன. கதிரைவேலர் எளியவரல்லர். அகராதி தொகுத்தவர், சதாவதானம் செய்தவர், அன்பு மிக்க ஆசிரியர். அடிகளின் பக்கம் நின்று அவரோடு மோதியவர்களுள் மறைமலை அடிகளும் ஒருவர். அறிஞர் இருவர் நேரம் இதில் எவ்வளவு கழிந்தது என்று எண்ணும்போது உள்ளம் வருந்துகிறது.

விலை கொடுத்த மாணவர் ஒருவரும் இருக்கிறார். இராயப்பேட்டை வெசுலிப் பள்ளியில் கதிரைவேலரிடம் தமிழ் கற்ற இளைஞர் அவர். ஆசிரியர்மீது வந்த வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்றார். அதனால் 1904இல் ஆறாம் படிவத் தேர்வை எழுத முடியாது போயிற்று. அத்தோடு அவருடைய பள்ளிப்படிப்பே முடிந்தது. அவர்தாம் பின்னாளில் தமிழ்த்தென்றல் என்று நாடு போற்றிய திரு.வி.க. ஆசிரியர்பால் கொண்ட அன்பால் ஒருபக்கம் நின்று தேர்வை இழந்த அவரே, பிற்காலத்தில் "இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்" என்னும் நூலை எழுதி அடிகளைப் போற்றினார். எந்தக் கண்டன நூலும் அவரை மாற்றியதாக நான் கருதவில்லை. பூசலின் இரைச்சல் ஓய்ந்தபின் பாடல்களைத் தாமே அமைதியாகப் பயின்றதால் வந்த மாற்றம் அது என்பதே என் துணிபு. சேரப்பணஞ்சேரி மாணவரிடம் இதனைச் சொன்னபோது அவர் தலைகுனிந்தார். திரு.வி.க. தேர்வை இழந்தது ஆசிரியருக்காக. நீ இழந்தது ஒரு பாட்டுப் புத்தகத்துக்காக என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அப்பூசலில் விளைந்தது அனைத்தும் குப்பையா எனின், அன்று. ப. சரவணன் தொகுத்த "அருட்பா மருட்பா: கண்டனத் திரட்டு" 2010இல் வந்தது. அக்காலத்து அச்சுத் தமிழையும் அறிவுலகையும் ஆராய்வார்க்கு அது சுரங்கம். மறுக்கும் உரைநடை தமிழில் கூர்மை பெற்றது அத்துண்டு நூல்களில்தான். ஆனால் எழுதியவர்கள் அதற்காக எழுதவில்லை. ஒருவரையொருவர் வீழ்த்தவே எழுதினார்கள்.

இடலாக்குடிப் பாவலர்

இச்சொற்போரில் எவரும் எதிர்பாராத ஒருவர் அடிகளின் பக்கம் வந்து நின்றார். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அவர். சைவர்க்குள் எழுந்த பூசலில் ஓர் இசுலாமியர்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவருக்கு இருந்த உரிமை ஒன்றே. அவர் பாடல்களைப் படித்திருந்தார். சங்கரநாராயண அண்ணாவியிடம் தமிழ் கற்று, சென்னையில் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி, சீறாப்புராணத்துக்கு உரை கண்டவர். பிழை பார்த்துப் பழகிய கண் அவருடையது. ஓர் எழுத்து மாறினால் பொருள் என்னாகும் என்பதை நாள்தோறும் கண்ட அவர், பாட்டைக்கொண்டே பாட்டைக் காக்கும் வழக்கறிஞராக மேடை ஏறினார். அவரை இதில் ஈடுபடுத்தியது கட்சிப்பற்று அன்று என்பதைக் கேட்போர் எளிதில் உணர்ந்தனர். காஞ்சிபுரத்தில் அடிகளின் அன்பர்கள் அவரை யானைமீது அமர்த்தி ஊர்வலமாக அழைத்துச் சென்றனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

1907 மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தி அவர் சதாவதானி என்னும் பட்டம் பெற்றார். பலர் ஒரே வேளையில் தொடுக்கும் நூறு செய்திகளை உள்ளத்தில் நிறுத்தி, குழம்பாது விடையிறுத்தல் இக்கலை. வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார் ஒருவர். முதுகில் எறியும் நெல்லை எண்ணச் சொல்வார் மற்றொருவர். கணக்கு வினவுவார் வேறொருவர். சதாவதானியைப் பேச்சுத்திறனுக்காகப் புகழ்கிறோம். உண்மையில் அது கேட்கும் திறன். நூறு அயலார் சொல்வதைச் சிதறாமல் கேட்டுக்கொள்ள முடிந்தவர்க்கு ஓர் எதிரியின் கூற்றைக் கேட்பது அரிதாயிராது. இந்திய அஞ்சல்துறை 2008இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. மாணவர்கள் அதனைக் கண்டிருக்கலாம்.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்குங்கால், சொற்போரின் பயனை வாதிடும் இருவரிடையே தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே என்று துணியலாம். எதிராளி மனம் மாறுவது அரிது. மாறினாலும் நம் சொல்லால் மாறுவது அதனினும் அரிது. பயன் பக்கத்தில் நின்று கேட்போரிடம் விளைகிறது. வாதத்தின் பொருட்டு நாம் புரட்டிய ஏடுகளில் விளைகிறது. கேட்பார் எவரும் இல்லை, புரட்டவேண்டிய ஏடும் இல்லை என்றால் அவ்வாதத்தில் இறங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை. பேச்சு பாட்டை விட்டுப் பாடியவரையும், பொருளை விட்டு ஆளையும் தொட்ட கணத்தில், முரசறைவோன் சொன்னவாறு எழுந்து அகல்வதே தக்கது.

தேநீர்க்கடை

இவ்வளவும் சொல்லிவிட்டு மாணவரிடம் மூன்று வினாக்கள் கேட்டேன். அந்தத் தொழிலாளி உம்மை ஒருநாளேனும் இழிவாகப் பேசினாரா? "இல்லை ஐயா. தம்பி தம்பி என்றுதான் பேசுவார்." சென்னையில் புத்தகம் கிடைத்ததா? "கிடைத்தது ஐயா. கண்ணதாசனும் இல்லை, மருதகாசியும் இல்லை. உடுமலை நாராயணகவி என்று அச்சிட்டிருக்கிறது." அவரிடம் காட்டினீரா? இதற்கு அவர் சிரித்தார். காட்டியபோது அந்தத் தொழிலாளி புத்தகத்தை வாங்கி, பாட்டை முழுதும் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, "இரண்டுபேரும் தோற்றோமே தம்பி" என்று தேநீருக்குத் தாமே காசு கொடுத்தாராம்.

கேட்டவர் எவரேனும் உண்டா என்று நான் கேட்க மறந்தேன், அவராகவே சொன்னார். பீகாரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் நாள்தோறும் அதே பலகையில் அமர்ந்திருப்பாராம். வாதத்தைக் கேட்டே ஓரளவு தமிழ் கற்றுக்கொண்டவர். பாட்டைப் படித்து முடித்ததும் அதில் வந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாராம். அதற்கு என்ன பொருள் என்பதில் இவ்விருவருக்கும் மீண்டும் கருத்து வேறுபாடு. இப்போது அது நடந்துகொண்டிருக்கிறது.

துறை நூலகத்து அகராதியை அவருக்குக் காட்டினேன். அடுத்த தேர்வு என்று என்று கேட்டேன். தேதியைப் பிழையின்றிச் சொன்னார்.